சத்தம் மாறுது பாப்பா

புது மிஷினில் நான் தைத்த முதல் நாலு அங்குலம் மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. துணியைத் திருப்பினேன். அடிப்பக்கம் நூல் சிக்குப் பிடித்துக் குருவிக்கூடு மாதிரிப் பந்தாகக் கிடந்தது. கத்தரித்து எடுத்துவிட்டு மறுபடி தைத்தேன். மறுபடியும் கூடு. மூன்றாவது முறை ஊசி துணியோடு சிக்கிக்கொண்டது. மிஷின் ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது.

"மேல்நூல் உட்காரல பாப்பா," என்றார் அம்மா.

அவர் மிஷின் பக்கத்தில் இல்லை. முன்கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தாலும் பார்த்திருக்க முடியாது. சர்க்கரை நோய் அவருடைய வலது கண்ணை முழுதாகவும் இடது கண்ணைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டு சில ஆண்டுகள் ஆகின்றன. கீரையைக்கூட விரலால்தான் பார்க்கிறார்.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"சத்தம் மாறுது பாப்பா. நூல் இறுக்கமா இருந்தா ஊசி இறங்குற சத்தம் ஒரே மாதிரி வரும். இது தொளதொளன்னு வருது."

எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நான் வானொலி அறிவிப்பாளர். ஒலியைக் கவனிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதற்காகவே பட்டப்படிப்பும் படித்தேன். ஆனால் அந்த மிஷின் பத்து நிமிடமாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்ததைக் காதில் வாங்கியவர் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்ட அம்மாதான்.

நான் தையல் மிஷினில் உட்கார்ந்து 16 ஆண்டுகள் ஆகியிருந்தன.

எங்கள் பழைய மிஷின் பாட்டி வாங்கியது. கறுப்பு நிறச் சிங்கர். உடம்பெல்லாம் தங்க நிறக் கோலம், கீழே இரும்பு மிதி, பக்கத்தில் பெரிய சக்கரம், சக்கரத்தையும் மிஷினையும் இணைக்கும் தோல்வார். 1960களில் தவணைக்கு வாங்கியதாகப் பாட்டி சொல்வார். சம்பள நாளன்று தவணைக்காரர் லயத்துக்கே வந்துவிடுவாராம். அரிசிக் கடைக்குக் கொடுக்கும் முன் அவருக்குக் கொடுத்தாக வேண்டும். முழுப் பணமும் கட்டி முடித்த அன்று பாட்டி மிஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அந்தப் பொட்டின் கறை நான் பிறந்த பிறகும் போகவில்லை.

தவணை முறை நம் தோட்டங்களுக்கென்று வந்ததல்ல. 1851இல் அமெரிக்காவில் தொடங்கிய சிங்கர் நிறுவனம் 1856லேயே அந்த முறையைக் கொண்டுவந்துவிட்டது. கையில் மொத்தப் பணம் இல்லாத குடும்பங்களின் வீட்டுக்குள் மிஷின் நுழைந்தது அப்படித்தான். எங்கள் மிஷினில் கிரேட் பிரிட்டனில் செய்யப்பட்டது என்று பொறித்திருக்கும். ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் என்ற ஊரில் 1885 முதல் 1980 வரை சிங்கரின் பெரிய தொழிற்சாலை இயங்கியது. அந்தத் தொழிற்சாலைக்காகவே அமைந்த இரயில் நிலையத்துக்கு இன்றைக்கும் சிங்கர் என்றுதான் பெயர். இயந்திரங்களைப் பற்றிக் கடுமையாகப் பேசிய காந்திகூட 1924இல் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது சிங்கர் தையல் இயந்திரத்தை விதிவிலக்குக்கு உதாரணமாகக் காட்டினார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சோர்வதைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்கர் அதைச் செய்தார் என்பது காந்தி சொன்ன காரணம். இதை ஒருமுறை அம்மாவிடம் சொன்னேன். "பொண்டாட்டி மேல பாசமோ என்னவோ, மாசம் பொறந்தா தவணைக்கு ஆள் அனுப்ப மட்டும் மறக்கல," என்றார்.

எங்கள் தோட்டம் பெஸ்தாரி ஜெயாவை ஒட்டி இருந்தது. 2007 வரை அந்த ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். எங்கள் வீட்டில் இன்னமும் பெர்ஜுந்தைதான். மேரி, சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்னியாக் என்று சுற்றிலும் தோட்டங்கள். கோலசிலாங்கூர் பக்கம் போனால் ராஜா மூசா, புக்கிட் ரோத்தான். இந்தப் பெயர்களைக் கேட்டதும் ஒரு லயமும் ஒரு கோயிலும் ஒரு தமிழ்ப்பள்ளியும் கண்முன் வரும் வாசகர்கள் பலர் இருப்பீர்கள்.

அம்மா அப்போது பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தார். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் எங்கள் வீட்டில் அன்றைய கூலியும் இல்லை. அப்படிப்பட்ட காலைகளில் அம்மா கித்தாப் பால் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மிஷினில் உட்கார்ந்துவிடுவார். ஆண்டின் கடைசி மாதங்களில் மழை அதிகம். தீபாவளியும் அப்போதுதான். வெட்டில் குறைந்த பணத்தை லயத்துப் பெண்களின் இரவிக்கைகளும் பிள்ளைகளின் பாவாடை சட்டைகளும் ஓரளவு ஈடுகட்டின. தகரக் கூரையில் மழை விழும் சத்தமும் மிதி ஆடும் சத்தமும் கலந்து கேட்டால், அன்றைக்கு அம்மா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு அது சந்தோஷமான சத்தம். அம்மாவுக்கு அது ஒருநாள் கூலி போன சத்தம் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.

பிறகு பால்மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. அம்மாவை மருந்தடிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். முதுகில் தொட்டி, கையில் குழாய், முகத்தில் பழைய துண்டு. களைக்கு அடித்த மருந்து அவருடைய நகங்களைக் கறுக்க வைத்தது. இரண்டு விரல்களில் நகம் உரிந்தே போனது. மருந்தடிக்கும் தோட்டப் பெண்களுக்காகத் தெனாகனித்தா போன்ற அமைப்புகள் குரல் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தடை செய்யப்போவதாக 2002இல் அறிவிப்பு வந்தது. 2006இல் அந்தத் தடை விலக்கப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதிதான்.

அம்மா அத்தனை காலம் காத்திருக்கவில்லை. நகம் உரிந்த மாதமே கணக்குப் போட்டுப் பார்த்தார். மாதத்துக்கு இத்தனை இரவிக்கை, இத்தனை பள்ளிச் சீருடை, கம்பத்துப் பெண்களுக்கு இத்தனை பாஜு கூரோங். கைக்கு வருவது கொஞ்சம் குறையும், ஆனால் பட்டினி வராது. வேலையை விட்டுவிட்டு மிஷினில் உட்கார்ந்தார். எங்கள் குடும்பத்தை மருந்துத் தொட்டியிலிருந்து இறக்கி வைத்தது அந்தச் சிங்கர்தான்.

நான் பத்து வயதில் கற்றுக்கொண்டேன். முதல் பாடத்துக்கு நூலும் இல்லை, துணியும் இல்லை. பள்ளி நோட்டுப் புத்தகத்தின் தாளை ஊசிக்கடியில் வைத்துக் கோட்டின்மேல் ஓட்டச் சொன்னார் அம்மா. மிதியில் ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் இருக்க வேண்டும். கைச்சக்கரத்தை நம் பக்கம் இழுத்துவிட்டு, அது சுற்றத் தொடங்கும்போதே மிதிக்க வேண்டும். ஒரு நொடி பிசகினால் சக்கரம் பின்னோக்கி ஓடி நூல் அறுந்துவிடும். ஒரு வாரம் நூலை அறுத்த பிறகு கால் தானாகப் பழகியது. பதினைந்து வயதில் சீருடைகளுக்குக் கீழ்மடிப்பு அடிப்பது, கொக்கி கட்டுவது எல்லாம் என் வேலை. நான் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது கல்விக் கடன் போக மீதிச் செலவு அந்த மிஷினிலிருந்து வந்தது.

போனவள் அப்படியே போய்விட்டேன். படிப்பு, கோலாலம்பூர், வானொலி, காலை நிகழ்ச்சி. தையல் தெரியும் என்று சக நண்பர்களிடம் சொன்னதுகூட இல்லை. பட்டன் அறுந்தால் கடையில் கொடுத்தேன்.

லயத்தைக் காலி செய்து பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தாமானுக்கு அம்மா குடிவந்தபோது மிஷினும் கூடவே வந்தது. யுனிசெல் பல்கலைக்கழக மாணவர்கள் கால்சட்டையின் உயரம் குறைக்கவும் ஜிப் மாற்றவும் வருவார்கள். பிறகு அம்மாவின் கண் மங்கியது. முதலில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தெரியவில்லை. அப்புறம் ஊசிக்காது தெரியவில்லை. அப்புறம் ஊசியே தெரியவில்லை.

2018இல் ஒருநாள் நிகழ்ச்சிக்கு நடுவே அம்மா அழைத்தார். பழைய சாமான் வாங்குபவர் வாசலில் நிற்பதாகவும், மிஷினுக்கு 50 வெள்ளி தருவதாகவும் சொன்னார். அடுத்த பாடல் முடிய ஒரு நிமிடம்தான் இருந்தது. "குடுத்துடுங்கம்மா, சும்மா இடத்தை அடைக்குது," என்றேன். அம்மா சரி என்றார். அவர் என்னிடம் யோசனை கேட்கவில்லை, நான் வேண்டாம் என்று சொல்வேனா என்று பார்க்கத்தான் அழைத்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது 2020இல். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. மருத்துவமனைகளுக்குப் பாதுகாப்பு உடை போதவில்லை என்று நாடு முழுவதும் தன்னார்வலர்கள் வீட்டில் இருந்தபடியே தைத்துக் கொடுத்தார்கள். அந்தச் செய்தியை நான் வானொலியில் உற்சாகமாகச் சொன்னேன். அன்று இரவு அம்மா தொலைபேசியில் கேட்டார்: "அந்த உடுப்பெல்லாம் நேர் தையல்தானே பாப்பா? மிஷின் இருந்திருந்தா, யாராச்சும் வெட்டிக் குடுத்தா, நானும் ஓட்டியிருப்பேன்."

என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை.

கோலாலம்பூரில் பழைய சிங்கர் கால்களின்மேல் பலகை போட்டுக் காப்பிக் கடை மேசையாக்கி வைப்பது இப்போது நாகரிகம். நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடந்த ஆண்டு அப்படி ஒரு மேசையில் ஒரு பேட்டிக்காகக் காத்திருந்தேன். மேசைக்கடியில் என் இரண்டு கால்களும் தாமாகவே, ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாக, மிதியின்மேல் போய் உட்கார்ந்தன. மிதி ஆடியது. சக்கரமும் சுற்றியது. மேலே மிஷின் இருந்த இடத்தில் என் காப்பிக் கோப்பை இருந்தது. அந்த வாரக் கடைசியில் கிள்ளானுக்குப் போய்ப் புது மிஷின் வாங்கி, லாத்தார் நெடுஞ்சாலை வழியாக அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வாங்கியதற்குச் சொல்லிக்கொண்ட காரணம் வேறு. நோய்க்குப் பிறகு அம்மா மெலிந்துவிட்டார். பழைய இரவிக்கைகள் எல்லாம் தோளிலிருந்து நழுவின. தையற்கடைக்குப் போகலாம் என்றால் வரமாட்டார். "நானே ஊருக்குத் தைச்சவ. அளவு குடுக்க இன்னொரு கடை வாசல்ல போய் நிக்கிறதா?" என்பார். தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தது. ஒரு இரவிக்கை நானே தைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தைக்கத் தெரிந்தவள்தானே!

தெரிந்திருந்ததுதான் சிக்கல். ஒன்றுமே தெரியாதவர்கள் கையேட்டைப் படிப்பார்கள். நான் படிக்கவில்லை.

பழைய மிஷினில் நூல் இறுக்கத் தட்டுகள் இரண்டும் வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். நூல் அவற்றின் நடுவே போயிற்றா என்று பார்த்துக்கொள்ளலாம். புது மிஷினில் அவை உறைக்குள்ளே ஒளிந்திருக்கின்றன. துணியை அழுத்தும் பாதம் கீழே இறங்கியிருந்தால் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது நூல் கோத்தால் நடுவே போகாமல் வெளியே தங்கிவிடும். மேல்நூலுக்கு இறுக்கமே கிடைக்காது. குருவிக்கூடு அடியில் கட்டுவதால் நாம் பாபினைச் சந்தேகிப்போம், ஆனால் பிழை மேலே இருக்கிறது. பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டுத்தான் நூல் கோக்க வேண்டும். அம்மா சொன்னதைக் கேட்டுப் பாதத்தைத் தூக்கி, நூலை முழுதாக உருவி மறுபடி கோத்தேன். கூடு போய்விட்டது.

அடுத்தது ஊசி. பழையதில் நூலைப் பக்கவாட்டில் கோத்துப் பழகிய விரல், புது மிஷினிலும் பக்கவாட்டிலேயே துளையைத் தேடியது. இதில் முன்னாலிருந்து பின்னால் கோக்க வேண்டும், ஊசியின் தட்டையான பக்கம் பின்னோக்கி இருக்க வேண்டும். பாபினும் அப்படித்தான். பழையதில் பாபின் கேஸை உள்ளே தள்ளினால் கிளிக் என்று ஒரு சத்தம் வரும். இதில் மேலே மூடியைத் திறந்து, நூல் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் வரும்படி பாபினை அப்படியே போட்டுவிட வேண்டும். "கிளிக்குன்னு கேக்கலையே?" என்றார் அம்மா. கேஸே இல்லை என்றேன். நம்பாமல் எழுந்து வந்து விரலால் தடவிப் பார்த்தார்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் கால். மிதியில் கால் மெதுவாக ஆடினால் தையல் மெதுவாகப் போகும், நிறுத்தினால் நிற்கும். மின்சார மிதி அப்படியல்ல. கொஞ்சம் அழுத்தினால் அசையாது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பாய்ந்துவிடும். என் மிஷின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 700 தையல் போடும். கழுத்து வளைவில் அந்த வேகம் வந்தால் துணி எங்கோ போய்விடும். வேகத்தைக் குறைத்து வைக்கும் நகர்த்து பொத்தான் ஒன்று முன்பக்கத்திலேயே இருந்தது. அதை இரண்டு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். பழக்கதோஷத்தில் ஒவ்வொரு முறையும் தொடங்கும் முன் கைச்சக்கரத்தை இழுத்துவிட்டேன். அது தேவையே இல்லை. எண்ணெய்க் குப்பியைத் தேடினேன். எண்ணெய் விட வேண்டாம் என்று கையேடு சொன்னது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் புதிதாகக் கற்றதைவிட மறக்க வேண்டியதுதான் அதிகமாக இருந்தது.

இந்த நேரத்தில் அம்மா ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்து வைத்தார். மிஷின் போனபோது அதை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்திருக்கிறார். உள்ளே இன்ச் டேப், சாக்குக்கட்டி, கொக்கிகள், நாலைந்து பாபின்கள், எண்ணெய்த் தாளில் சுற்றிய ஊசிப் பொட்டலம் ஒன்று. பொட்டலத்தில் 14 என்று போட்டிருந்தது. என் மிஷினோடு வந்த ஊசியில் 90/14. இரண்டும் ஒரே அளவு, ஒரே வகை. சிங்கர் வீட்டு மிஷின்களுக்கு அந்தக் காலத்தில் போட்ட அதே ஊசிதான் இன்றைய பெரும்பாலான வீட்டு மிஷின்களுக்கும். துருப் பிடிக்காத ஒன்றை எடுத்து மாட்டினேன், சரியாக உட்கார்ந்தது. திரையும் பொத்தானும் வந்த மிஷினில் அந்த ஒன்றரை அங்குலக் கம்பி மட்டும் மாறவில்லை. அம்மாவிடம் சொன்னபோது, "மாறாதுன்னு தெரிஞ்சுதான் வச்சிருந்தேன்," என்றார். தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் நான் மறுக்கவில்லை.

அம்மாவுக்கு அளவெடுத்தேன். என் நினைவில் இருந்த அம்மாவின் தோள் அகலத்துக்கும் டேப் காட்டியதற்கும் ஒன்றரை அங்குலம் வித்தியாசம். எண்ணைச் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக்கொண்டேன். "எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். "ம். அக்குள்ல கொஞ்சம் கூட வச்சு வெட்டு. நாளைக்கு உடம்பு ஏறுச்சுன்னா பிரிச்சுக்கலாம்," என்றார்.

முதல் இரவிக்கை வீணாகிவிட்டது. கை வளைவில் சுருக்கம் விழுந்து, ஒரு கை முன்னும் ஒரு கை பின்னுமாகப் போனது. அம்மா அதை மடியில் வைத்துத் தையல் வழியே கட்டைவிரலை ஓட்டினார். எந்த இடத்தில் நான் துணியை இழுத்தேன், எந்த இடத்தில் வேகம் எடுத்தேன் என்று வரிசையாகச் சொன்னார். "துணியை நீ இழுக்காத. அடியில இருக்குற பல்லு அதைக் கூட்டிட்டுப் போவும். நீ வழி மட்டும் காட்டு."

அதன் பிறகு அம்மா நாற்காலியை மிஷின் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நான் தைப்பேன், அவர் கேட்பார். ஊசி மழுங்கினால் துணியைக் குத்தும்போது டொக் டொக் என்று வரும். பாபினில் நூல் தீரப்போகும்போது சத்தம் லேசாகும். தடிப்பான மடிப்பின்மேல் ஏறும்போது குரல் கனக்கும், அப்போது காலைத் தளர்த்த வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஒலிப்பதிவாளர் ஒருவர் என்னைக் கண்ணை மூடிக்கொண்டு என் பதிவையே கேட்கச் சொல்வார். மூச்சு எங்கே இடிக்கிறது, எந்த எழுத்தில் காற்று அடிக்கிறது என்று அப்படித்தான் பிடித்தேன். அதையே அம்மா லயத்து வீட்டில், மழைச் சத்தத்துக்கு நடுவே, தானாகக் கற்றிருக்கிறார். சிங்கரைக் கேட்டுப் பழகிய காது புது மிஷினையும் இரண்டே வாரத்தில் படித்துவிட்டது. எனக்கு அதற்கு மேல் ஆயிற்று.

இரண்டாவது இரவிக்கை தீபாவளிக்கு நாலு நாள் முன்பு முடிந்தது. மயில்கழுத்து நிறத்தில் பருத்தித் துணி. அம்மா போட்டுப் பார்த்தார். தோள் நின்றது. கையைத் தூக்கி இறக்கிப் பார்த்தார். கொக்கிகளை ஒவ்வொன்றாக விரலால் எண்ணி, மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் இடைவெளி கூடிவிட்டது என்றார். அளந்து பார்த்தேன். கூடித்தான் இருந்தது.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் காலை நான் தேநீர் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். "இது மெதுவா ஓடும்னியே, எவ்வளவு மெதுவா?" என்றார்.

எனக்குப் பயம். ஊசி விரலில் ஏறினால்? வேகப் பொத்தானைக் கடைசி வரை குறைத்தேன். ஊசியிலிருந்து அரை அங்குலம் தள்ளி, மருந்துக்கடைப் பிளாஸ்திரியை நாலு அடுக்காக ஒட்டி ஒரு மேடு செய்தேன். துணியின் ஓரம் அந்த மேட்டில் இடித்துக்கொண்டே போனால் தையல் நேராக வரும். நூல் கோக்க இந்த மிஷினில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அழுத்தினால் ஒரு கொக்கி வந்து நூலை ஊசிக்காதுக்குள் இழுத்துக்கொடுத்துவிடும். 50 வெள்ளிக்குப் போன சிங்கரில் இவை எதுவும் இல்லை. அது இன்றைக்கு வீட்டில் இருந்திருந்தாலும் அம்மாவால் அதில் நூல் கோத்திருக்க முடியாது. இதை எனக்கு நானே சமாதானமாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மிஷினை விற்கச் சொன்னது தவறுதான். ஆனால் புது மிஷினை அம்மா பெயருக்கு அல்லாமல் என் பெயருக்கு வாங்கியதும் ஒரு தவறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருடைய காலம் முடிந்துவிட்டது என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

அம்மா முதலில் மிதியைத் தேடி இரண்டு காலையும் வைத்தார். ஒரு கால் போதும் என்றேன். வலது காலை மட்டும் வைத்து அழுத்தினார். மிஷின் மெல்ல நகர்ந்தது. கைகள் துணியை இழுக்கவில்லை, வழி மட்டும் காட்டின. இடது கை துணியின் ஓரத்தை மேட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டே வந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்து, காதை மிஷின் பக்கம் வைத்திருந்தார்.

ஒரு தலையணை உறையின் நீளப் பக்கம் முடிய ஆறு நிமிடம் ஆனது. அந்தக் காலத்தில் ஆறு நிமிடத்தில் அவர் உறை முழுவதையும் முடித்திருப்பார். நூலை வெட்டிவிட்டுத் தையலின்மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். நான் எட்டிப் பார்த்தேன். நடுவில் ஓரிடத்தில் ஒரு நூலளவு வளைந்திருந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"நடுவுல வளைஞ்சிருக்கு, நீ சொல்லலன்னாலும் தெரியுது," என்றார். "அடுத்த வாரம் வரும்போது துணி இன்னும் நாலு மீட்டர் வாங்கிட்டு வா. பக்கத்து வீட்டுக்காரி ரெண்டு உறை கேட்டிருக்கா. காசு வாங்கிக்குறேன்னு சொல்லிட்டேன்."